பின் கழட்டின இயர்போன்

அலோ... அலோ, எக்ஸ்சேஞ்சா? ... வால்டர் சார் இல்லியா? ... யாரு, ஃப்ளோராக்காவா? ... ஓ, சாருக்குக் காய்ச்சலா. நல்லதாப் போச்சு... ஐயோ, காய்ச்சல் வந்தத சொல்லலக்கா, நீ உக்காந்துகீறதத்தான் சொன்னேன். ... நான்தான், அம்சா. ரேடியோ கடை அம்சவேணி. ...

நம்பர் ஒண்ணும் வேணாம். யாருக்கும் லைன் குடுக்காத. நீ பேசினா போதும். ... இல்ல, இதுக்கு மேல சத்தமா பேச முடியாது. ... சொல்றேன், அதுக்குத்தான் கூப்ட்டேன். ...

கடையிலதான் கீறேன். பலகை போட்டாச்சு, லைட்டு போடல. ... அப்பா சரக்கு எடுக்க பெங்களூர் போயிகீறாரு, காலைல ரயிலுக்குத்தான் வருவாரு. அம்மா ஆம்பூர்ல, பெரியக்கா பிரசவத்துக்கு. நானும் வள்ளி அண்ணியும்தான். ... அண்ணி பின்னால ரூம்ல தூங்கறாங்க. ... இல்ல, எழுப்பல. ...

அக்கா, சிரிக்க மாட்டேன்னு சொல்லு. ... ம். ... அண்ணன் பேசுது. ... தொரை அண்ணன். எனக்கு இன்னா நாலு அண்ணனா? ... தெரியும்க்கா. தையில சுரங்கத்துல செத்துப்போனது எனக்குத் தெரியாதா. ... காய்ச்சலும் இல்ல, கனாவும் இல்ல. முழிச்சுகினுதான் கீறேன். ...

இயர்போன்ல. ... டிரான்சிஸ்டருக்கு காதுல வெக்கறது. ... ஆமா, அந்த ஒத்தக் காது மாட்டறதுதான். ... இரு, மொதல்லேந்து சொல்றேன். நீ கேட்டுகினே இரு, உட்டுட்டுப் போவாத.

அப்பா போன வாட்டி ஒரு அட்டப்பொட்டி நெறைய கொண்டாந்தாரு. மட்டமான சரக்கு. சுரங்கத்து கூலிக்காரங்க லைன் வூட்டுல நல்லா போவும்னாரு. ... அங்க தட்டி செவுருதானே. நைட் ஷிப்டு போய் வந்தவன் பகல்ல தூங்குவான், பக்கத்து வூட்டுல பாட்டு வெச்சா சண்டை. காதுல மாட்டிகினா சண்டை இல்ல. ... ஆமா, நல்ல யோசனைதான். ஆனா அப்பாக்கு ஒரு காது மந்தம், அதனால பொறுக்கற வேலை என்னுது. எதுல நல்லா கேக்குது, எது காதை அறுக்குதுன்னு மாட்டிப் பாத்து தனித்தனியா வெக்கணும். ...

மோசம்க்கா. பாதி பீஸு, தகர டப்பாக்குள்ள கொசு பாடற மாதிரி. தபேலா வந்தா அட்டையத் தட்டினாப்பல கீது, கனமான சத்தமே எறங்கல. சிலது சத்தம் பரவால்ல, ஆனா முனை கெட்டி பிளாஸ்டிக்கு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள காது செவந்து எரியுது. ... உன் ஹெட்போனு மண்டைய புடிக்கும், இது காது ஓட்டைய புடிக்குது. ... ம். ராத்திரி பூரா நீ எப்படித்தான் மாட்டிகினு கீறியோ. ...

இரு, அதான் சொல்ல வரேன். அதுல ரெண்டே ரெண்டுக்கு ரப்பர் முனை. மெத்துன்னு கீது. ஒண்ணை நான் மாட்டிகினேன், ஒண்ணை அண்ணிகிட்ட குடுத்தேன். ... சும்மாதான். அண்ணன் போனதுலேந்து அவங்க யார்கூடவும் பேசறதே இல்ல, உனக்குத் தெரியும்ல. ஏதோ ஒரு வேலை குடுத்தா ரெண்டு வார்த்தை வரும்னு. படுத்துகினே கேளுங்க அண்ணி, நோவுதா இல்லியான்னு காலைல சொல்லுங்கன்னேன். காலிங் பெல்லுக்கு விக்கற ஒயரை நீட்டி அவங்க ரூம் வரிக்கும் இழுத்து உட்டேன். இந்தப் பக்கம் ரெண்டு ஒயரையும் முறுக்கி, ரேடியோல சொருவற ஒரே பின்னுல கட்டினேன். ஒரே பாட்டு ரெண்டு பேருக்கும் வந்தாத்தானே ஒத்துப் பாக்க முடியும். ...

பாட்டு முடிஞ்சு ரேடியோ ஸ்டேஷன் மூடிட்டான். நான் பின்னைக் கழட்டிட்டேன்க்கா. அதான் விஷயமே. பின்னு மேஜை மேல கெடக்குது. பேட்டரிய கூட எடுத்துட்டேன், வீணா போச்சுன்னா அப்பா திட்டுவாருன்னு. காதுலேந்து மட்டும் எடுக்கல. நோவலியா, மாட்டியிருக்கறதே மறந்துபோச்சு. பொட்டிய அடுக்கிகினு இருந்தேன். ... அப்பத்தான். காதுக்குள்ள யாரோ மூச்சு உடறாங்க. ...

என் மூச்சு இல்ல. நான் புடிச்சுகினு பாத்தேன், அது நிக்கல. ... அப்பால, கேக்குதான்னு ஒரு குரல். ... ஆம்பளயா பொம்பளயா தெரியல. மண்ணு போட்டு மூடின எடத்துலேந்து வராப்பல, சன்னமா. ... ம்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிச்சு. ...

குளுருதான்னு கேட்டுச்சு. எனக்கு ஒடம்பே நடுங்குது, ஆமான்னேன். பசிக்குதான்னுச்சு. அதுக்கும் ஆமான்னேன். ... நெஜமாவே பசிதான், பொட்டிய முடிச்சுட்டு சாப்புடலாம்னு இருந்தேன். ... அப்பால அது அழுவுதுக்கா. அழுதுகினே, வரட்டான்னு கேக்குது. ...

... வான்னு சொல்லிட்டேன். ...

திட்டாதக்கா. வேற இன்னா சொல்லுவேன்? பாடிய கூட மேல கொண்டாரல. ஏர் பிளாஸ்ட்ல, உள்ள பாறை தானா வெடிச்சு, அந்த லெவலே இடிஞ்சு மூடிகிச்சு, அப்பால செவுரு வெச்சுட்டாங்க. டைம் ஆபீஸ் பலகைல மாட்டியிருந்த அண்ணனோட வேலை டோக்கனை வாங்கியாந்து, அத வெச்சுத்தானே காரியம் பண்ணோம். நீ கூட வந்தியே. ... அந்த மனுசன் வூட்டுக்கு வரட்டான்னு கேட்டா, வராதன்னா சொல்றது? ... ம். ... இப்பத்தான் பயமா கீது. வந்துட்டா? எந்த மூஞ்சோட வரும்? ...

இப்பவா? ... மாட்டிகினுதான் கீறேன். ஒரு காதுல நீ, ஒரு காதுல அது. ... எடுக்க மாட்டேன். எடுத்துட்டா அது எங்க வருதுன்னே தெரியாதே. ... இன்னாது? ... ஆஸ்பத்திரி கூப்புடுதா? ... போட்டுட்டு வா. சீக்கிரம். ... சரி சரி, வெக்க மாட்டேன். ...

... ... ...

அக்கா? ... வந்துட்டியா. ... பேச்சு நின்னுபோச்சு. இப்ப வேற சத்தம். பாத்திரம் மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறாப்பல. ... நான் இன்னா பொய்யா சொல்றேன்? இரு, இயர்போனை கழட்டி போன் வாய்கிட்ட வெக்கறேன், நீயே கேளு. ...

... கேட்டுச்சா? ... கேட்டுச்சுல்ல. ... டிபன் கேரியரா? ... ம். ஆமாக்கா, கொக்கிய இழுத்து மாட்டற சத்தம்தான். அண்ணன் ஷிப்டுக்குப் போறப்ப தெனம் கேக்குமே. ... இதுக்கு எதுக்கு இப்ப கேரியரு? ...

இன்னொரு பீஸா? அண்ணிகிட்டதான். ... பின்னைத்தான் கழட்டிட்டேன்னு சொன்னேனே. ... இல்ல, ஒயரு முறுக்கினது அப்படியே கீது, பிரிக்கல. ... இன்னாது? ... உங்க ஹெட்போன்ல வாய் பக்கம் கெட்டுபோச்சுன்னா காது பக்கத்துலயே பேசுவீங்களா? ... இதுலயும் ஒரு முனையில பேசினா அடுத்த முனையில கேக்குமா? ... ரேடியோ இல்லாமயா? ... கரண்ட்டு இல்லாமயா? ... ரெண்டும் ஒயருல சேந்திருந்தா போதுமா. ... ...

அப்ப, அது அண்ணி. ...

அக்கா, நான் பேசினது அவங்க காதுல உழுந்துகீது. அண்ணன் பேசுதுன்னு நெனச்சுகினாங்க. குளுருதுன்னேன். பசிக்குதுன்னேன். வான்னேன். ... சோறு கட்டிகினு கீறாங்கக்கா. அண்ணனுக்கு. ... எங்கன்னா இன்னா அர்த்தம், சுரங்கக் குழிக்கு, ஷாஃப்ட்டுக்குத்தான். பின்வாசல் சந்து நேரா பழைய ஷாஃப்ட்டுக்குத்தான் போவுது. வேலியெல்லாம் பிஞ்சு கெடக்குது. கல்லு போட்டா சத்தமே திரும்பி வராது. ...

போலீஸு வேணாம். அவங்க வரதுக்குள்ள எல்லாம் ஆயிடும். ஆவலன்னாலும் பைத்தியம்னு எழுதிகினு போயிடுவாங்க. ... ஓடத்தான்க்கா பாக்கறேன். கால் வரல. நடு ரூம் பூரா இருட்டு. நான் வேற வான்னு சொல்லிகீறேன். ... புரியுது, அது அண்ணிதான்னு புரியுது, ஆனா காலுக்குப் புரியல. ...

தாழ்ப்பாள் சத்தம். ... இந்த இயர்போன்லயே சொல்றேன். இரு. ...

அண்ணி. ... அண்ணி, நான் அம்சா. ... அம்சாதான், கடையிலேந்து பேசறேன். ஒயரு சேந்துகீது, அதனால கேக்குது. ... குளுருதுன்னது நான். பசிக்குதுன்னது நான். ... அண்ணன் இல்ல அண்ணி. ... போவாதீங்க. ... அண்ணி? ...

பதில் வரலக்கா. மூச்சு மட்டும் வருது. ... கதவு தெறந்துச்சா மூடிச்சான்னு தெரியல. ... போறேன். போனை மேஜை மேல வெக்கறேன், நீ கட் பண்ணிடாத. ... ஏசு பேரோ முருகன் பேரோ, ஏதோ ஒண்ணு சொல்லிகினே இரு.

... ... ...

... ... ...

அலோ. ... அக்கா, கீறியா? ... கீறாங்க. அண்ணி கீறாங்க. ... இல்ல, போவல. பின்வாசப்படில நின்னுகினு இருந்தாங்க. அண்ணனோட பழைய கோட்டு போட்டுகினு, கைல கேரியரு. காதுல அது அப்படியே கீது. ஒயரு வெறைச்சு இழுத்துகினு நிக்குது, இன்னொரு அடி வெச்சா அறுந்திருக்கும். ... அதனாலதான் நின்னாங்களாம். அறுந்துட்டா அவரு பேச்சு போயிடுமேன்னு. ...

கையப் புடிச்சேன். ஜில்லுன்னு கீது. ... அழல. நீதானான்னு கேட்டாங்க. நான்தான் அண்ணின்னேன். எல்லாம் நீதானான்னாங்க. எல்லாம் நான்தான்னேன். ... ம். ...

அக்கா, ஒண்ணு சொல்றேன். ஃப்ளோராக்காகிட்ட மட்டும்தான் சொல்றேன், உங்க வூட்ல கூட சொல்லாத. ... மொதல்ல கேக்குதான்னு ஒரு குரல் வந்துச்சுன்னேன்ல. அது அண்ணி இல்லியாம். ... அந்த வார்த்தைய அவங்க சொல்லவே இல்லியாம். படுத்துகினு இருந்தாங்களாம், கேக்குதான்னு காதுல வந்துச்சாம், அவங்களும் ம்னு சொன்னாங்களாம். அதுக்கு அப்பாலதான் குளுருதான்னு கேட்டாங்களாம். ...

நானும் அத சொல்லலக்கா. நான் ம் மட்டும்தான் சொன்னேன். ... சத்தியமா. ... தெரியல. ... தெரியலக்கா, என்னைக் கேக்காத. ...

கேட்டாங்க. என் மூஞ்சியவே பாத்துகினு கேட்டாங்க. அந்த மொதல் வார்த்தை, அதுவும் நீதானா அம்சான்னு. கேரியரை கீழ வெக்கல அதுவரிக்கும். ஒரு கால் வெளில, ஒரு கால் உள்ள. ...

நான்தான் அண்ணின்னு சொல்லிட்டேன். ...

பொய்தான். ... வேற இன்னா சொல்ல சொல்ற? இல்லன்னு சொல்லியிருந்தா ஒயரை அறுத்துகினு போயிருப்பாங்க. ... ம். ... ம். தெரியும். நீ யார்கிட்டயும் சொல்ல மாட்ட. ...

முறுக்கை பிரிச்சுட்டேன். ரெண்டையும் ஒரே டப்பால போட்டு மேல தராசு படிக்கல்லு வெச்சுகீறேன். ... விக்க மாட்டேன். அப்பாகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரியல. பொட்டியிலயே அது ரெண்டுதான் உருப்படி. சத்தமும் நல்லா வருது, காதும் நோவல, அப்பால ஏண்டி விக்க வேணாம்ங்கறன்னு கேப்பாரு. ... ஆமா, நீ சிரிப்ப. ...

இரு, கூப்புடறாங்க. ... வரேன் அண்ணி. ... சமையக்கட்டுல. லைட்டு போட்டுகீறாங்க. கேரியரை பிரிச்சுட்டாங்க போல. ... சாப்புட வான்றாங்க. ... ஆமா, அவங்களேதான் கூப்ட்டாங்க. வாயத் தெறந்து, பேரு சொல்லி. ...

எத்தினி தட்டு வெச்சுகீறாங்கன்னா? ... இன்னாத்துக்கு கேக்கற? ... ... ஐயோ. இரு, எட்டிப் பாக்கறேன். ...

... ரெண்டு. ... ஆமாக்கா, நல்லா பாத்தேன். ரெண்டு தட்டுதான். எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. ... ம். ... வெச்சுடறேன்.