எந்த போல்ட்டும் விட்டுப்போகவில்லை

தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனில் சத்தம் வருகிறதே ஐயா, அதற்கு பேரிங் காரணமில்லை. கொக்கியில் மாட்டுகிற ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. யாராவது வந்து பேரிங்கை மாற்ற வேண்டும் என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். கோளாறு ஒரு இடத்தில் இருக்க, பழி இன்னொரு இடத்தில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இப்போது நானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதும் அதற்காகத்தான்.

என் தங்கையின் கணவர் டிராக்டர் கவிழ்ந்து செத்தார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். இன்ஜின் மாற்றிய இடத்தில் போல்ட் விட்டுப்போனதால் வண்டி கவிழ்ந்தது என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் தீர்ப்பு சொல்கிறார்கள். அந்த இன்ஜினை மாற்றியவன் நான். எந்த போல்ட்டும் விட்டுப்போகவில்லை.

மாப்பிள்ளையின் டிராக்டர் என்னைவிட மூத்தது. பெயின்ட் போன இடத்தில் துரு பிடித்து, துரு போன இடத்தில் ஓட்டை விழுந்து, கலப்பையை மாட்டினால் பாதி வயலில் இருமிக்கொண்டு நின்றுவிடும். ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார். "மச்சான், புது டிராக்டர் வாங்கறதெல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. இதுலயே பெரிய இன்ஜினா ஒண்ணு வெச்சுக் குடுங்களேன்" என்றார். நான்தான் ஒரு பழைய லாரி இன்ஜினைத் தேடிப் பிடித்தேன். அதைத் தங்கக்கட்டி மாதிரி பட்டறைக்குக் கொண்டுவந்து, கடைசி நட்டு வரை பிரித்துக் கழுவிப் பூட்டினேன்.

ஏதோ பெட்டியை எடுத்துவிட்டு வேறு பெட்டியை வைக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து டிராக்டருக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனியாக இரும்புச் சட்டம், சேஸி, கிடையாது. இன்ஜின்தான் அதன் முதுகெலும்பு. முன்சக்கரம் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கும், இன்ஜின் கியர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாரி இன்ஜினின் துளைகள் ஒரு கணக்கு, டிராக்டரின் துளைகள் வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே தடித்த எஃகுத் தகடு ஒன்றை நானே அறுத்து, கடைந்து, துளை போட்டு உட்கார வைத்தேன். மயிரிழை விலகினாலும் கிளட்ச் நாசமாகும். விலகவில்லை. பலம் கூடிய இன்ஜின் முன்பக்கத்தைத் தூக்கிவிடக் கூடாது என்று மூக்கில் கனமான இரும்புக் கட்டிகளும் மாட்டினேன். முதல்முறை சாவியைத் திருப்பியதும் அது உறுமிய சத்தத்தில் நான் அழுதேன். கல்யாணமான அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. என் மனைவியிடமே இதைச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது, என் தங்கையைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார். சொத்துத் தகராறு, குடும்பச் சண்டை என்று காரணம் தேடி நீங்கள் அலைய வேண்டாம். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதோடு வண்டி ஓட்டத் தெரியாது. எந்த இடத்தில் எந்த கியர் என்று விளங்காமல், மேட்டில் மேல் கியரைப் போட்டு உறும விடுவார். வண்டி திணறும். உடனே குறை இன்ஜினுக்குப் போய்விடும். "சத்தம் லாரி, இழுவை சைக்கிள். எங்க மச்சான் கைவண்ணம்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் "என்ன சைக்கிள்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன்.

அப்புறம் ஒருநாள் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். எதிர்த்த பட்டறையில சொல்லிட்டேன். பழைய இன்ஜினையே திருப்பி மாட்டித் தரேங்கறான்" என்றார்.

எதிர்ப் பட்டறைக்காரன் சுத்தியல் இல்லாமல் ஒரு நட்டைக் கழற்றத் தெரியாதவன். அவன் என் தகட்டை உளி வைத்துப் பெயர்த்து, பழைய இரும்போடு வாசலில் போட்டு வைப்பான். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைக் காலால் தட்டிப் பார்ப்பான். இதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கோபக்காரன் இல்லை, ஐயா. ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

அவரைக் கூப்பிட்டு, "கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நான் சொல்ற மாதிரி இழுத்துப் பாருங்க மாப்பிள்ளை. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அதற்கென்ன மச்சான் என்று உடனே ஒத்துக்கொண்டார். பட்டறைக்குப் பின்னால் வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதென்று எனக்குத் தெரியும். யானை கட்டி இழுத்தாலும் அசையாது. முந்தின நாளே வண்டியை என்னிடம் விட்டிருந்தார். மூக்கிலிருந்த இரும்புக் கட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்தேன். எங்கே காணோம் என்று கேட்டபோது பெயின்ட் அடிக்க எடுத்திருக்கிறேன் என்றேன். செயினைக் கண்ணி கண்ணியாகப் பார்த்தேன். அது அறுந்து தொலைத்தால் வேலை கெட்டுவிடும்.

எதை இழுத்தாலும் செயினைப் பின் அச்சுக்குக் கீழே இருக்கிற கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டினால், இழுக்கிற பொருள் அசையாதபோது சக்கரம் நின்றுவிடும், வண்டியின் உடம்பு அந்தச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டு பின்னால் புரளும். என் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி அனுப்புவேன். மாப்பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அச்சுக்கு மேலே என் கையாலேயே மாட்டினேன். முதல் கியர் போடச் சொன்னேன். ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுத்து, கிளட்சைப் பட்டென்று விடச் சொன்னேன். என் வாழ்நாளில் முதல்முறையாக நான் சொன்னதை அப்படியே செய்தார்.

மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் முழு வண்டியும் அவர் மேல் மல்லாந்துவிட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஐயா. பழைய இன்ஜினாக இருந்திருந்தால் திணறி அணைந்திருக்கும், ஒரு சாண்கூட எழும்பியிருக்காது. அத்தனை டன் இரும்பைக் காகிதம் மாதிரி புரட்டுவதற்கு எப்பேர்ப்பட்ட இழுவை வேண்டும். சைக்கிள் என்று சிரித்தவர்கள் ஒருவராவது அங்கே இல்லையே என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

தலைகீழாகக் கிடந்தும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடினால் ஆயில் ஏறாது, உள்ளே எல்லாம் தேய்ந்துபோகும். ஓடிப்போய் முதலில் டீசலை அடைத்தேன். அப்போது அவர் கை அசைந்துகொண்டிருந்தது. "மச்சான்" என்றார் என்றுதான் நினைக்கிறேன். தகடு சேருகிற இடத்தைச் சுற்றிலும் துடைத்துப் பார்த்தேன். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுச் சரிபார்த்தேன். அதன்பிறகு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது கை அசையவில்லை.

முன்னமே ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். விபத்து என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஆட்சேபம் இல்லாமல்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றே நினைத்தேன். நேற்று தங்கை வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் எழுந்து எனக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ உள்ளுக்குள்ள வெச்சுப் புழுங்காதண்ணே. ஏதோ ஒரு போல்ட்டைச் சரியா முடுக்காம விட்டிருப்ப. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். வேணும்னா செஞ்ச?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஊரார் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். கூடப் பிறந்தவள், என் வேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். என்னை மன்னிக்கவும் செய்கிறாள்.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். இல்லை. நாளைக்கே வண்டியை நிமிர்த்தி ஆயில் ஊற்றிச் சாவியைத் திருப்பிப் பாருங்கள், ஒரே திருப்பில் ஓடும். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். தங்கை இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள், தெரியும். இருக்கட்டும். அண்ணன் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று மட்டும் இனி அவள் சொல்ல முடியாது.