மெஷினைத் திட்டாதீர்கள்

காலையில் முதலில் வருகிற ஆள் சிரித்த முகமாக வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போகும். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். மேஜையில் ஏறிப் படுக்கும்போதே, "சார், எந்தப் போட்டோவுலயும் எனக்குக் கண்ணு மூடித்தான் இருக்கும், இதுலயாவது நல்லா எடுங்க" என்று ஒருவர் சொன்னால் நமக்கே உடம்பு லேசாகிவிடும்.

நம் ஸ்கேன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் முழுக்க எங்கள் ஆஸ்பத்திரி மெஷினைப் பற்றித்தான் பேச்சு. நுரையீரல் படத்தைப் பார்த்து முடிவு சொல்கிற மெஷின் என் மச்சானை ஏமாற்றிவிட்டது, அதனால்தான் அவர் மூன்றாவது மாடியில் இந்த நிலைமையில் படுத்திருக்கிறார், கம்ப்யூட்டரை நம்பினால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் மேல் உள்ள பிரியத்தில் எழுதுகிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த மெஷின் நல்ல பிள்ளை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தது. சொல்லிக் கொடுத்தவன் நான். விசாரணைக் குழுவிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அங்கே டைப் அடித்த பெண் நடுநடுவே கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

மெஷினுக்குப் பாடம் நடத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய படங்களை ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'சுத்தம்' அல்லது 'சந்தேகம்' என்று நாம் குறிக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அதற்கே பழகிவிடும். ஒரே ஆள் குறித்தால் தப்பு வரும் என்பதற்காக எங்கள் இடத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எந்த இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்கிறார்களோ அதுதான் உண்மை. டாக்டர்களுக்கு நேரம் இல்லை, அனுபவம் இருக்கிறதென்று எங்களை உட்கார வைத்தார்கள்.

மூவரில் ஒருவன் நான். இன்னொருத்தி பூதக்கண்ணாடி. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூக்கு திரையில் இடிக்கும் வரை பார்ப்பாள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது ஆள் சரிண்ணே. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைவிட நான்கைந்து வயதுதான் சின்னவன், ஆனால் நான் எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்பான். தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அண்ணே, இது என்னண்ணே, ஓரத்துல ஏதோ தெரியுது?"

"அது ஒண்ணும் இல்லப்பா. சுத்தம்."

"சரிண்ணே."

பூதக்கண்ணாடி எதைக் குறித்தாலும் எங்களுக்கு இரண்டு ஓட்டு. உண்மை எப்போதும் எங்கள் பக்கமே இருந்தது.

புள்ளி தெரிந்தும் சுத்தம் என்று ஏன் குறித்தேன் என்று விசாரணையில் கேட்டார்கள். ஒரு டீச்சரம்மாவால்தான் ஆரம்பித்தது. நான் படம் எடுத்தவர். சின்னப் புள்ளி ஒன்றுக்குச் சந்தேகம் என்று எழுதி, நெஞ்சுக்குள் ஊசி விட்டுப் பார்த்தார்கள். முடிவில் ஒன்றும் இல்லை. அதற்குள் அந்தம்மா பாதியாகிவிட்டார், வேலையை விட்டுவிட்டார், வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வார்த்தை. புள்ளிகளில் முக்கால்வாசி ஒன்றும் இல்லாததுதான், இது உங்களுக்கும் தெரியும். அப்படியிருக்க ஒரு மனிதரின் சிரிப்பை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது. முதலில் கடுகு மாதிரி புள்ளிகளைத்தான் விட்டேன். பிறகு மிளகு. பிறகு நான் அளவு பார்ப்பதில்லை.

படங்களில் பெயர் இருக்காது. ஆனால் பெரும்பாலும் நான் எடுத்தவை, ஆள் தெரிந்துவிடும். தோளில் தகடு வைத்திருந்தால் அது பஸ் டிரைவர். படம் லேசாகக் கலங்கியிருந்தால் அது தையல்காரம்மா. மூச்சை அடக்குங்கள் என்றாலே அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குச் சந்தேகம் போட எனக்குக் கை வரவில்லை. எல்லோருக்கும் நான் அப்படிச் சலுகை காட்டவும் இல்லை. முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம்யா உக்கார வைப்பீங்க" என்று வந்தவர்களுக்கு விதியை அப்படியே கடைப்பிடித்தேன். கடுகளவு இருந்தாலும் சந்தேகம்தான்.

ஒரே மாதிரிப் புள்ளிக்கு ஓர் இடத்தில் சுத்தம், இன்னோர் இடத்தில் சந்தேகம் என்றால் மெஷின் குழம்பாதா என்று விசாரணைக் குழுவின் தலைவர் அம்மா கேட்டார். குழம்பித்தான் இருக்கும், பாவம். எது அதிகமோ அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. உலகத்தில் நல்ல முகங்கள்தானே அதிகம்.

பரீட்சை வைத்தபோது அது பிரமாதமாகத் தேறியது. திருத்தியது எங்கள் மூவரின் விடைகளை வைத்துத்தான். பெரிய டாக்டர் மேடையில் என் தோளில் கை போட்டு, "இவர்தான் மெஷினோட வாத்தியார்" என்றார். கைத்தட்டலில் சரிண்ணேதான் அதிகம் தட்டினான். அதற்குப் பிறகு எங்கள் காத்திருக்கும் ஹாலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெஷின் சுத்தம் என்ற படங்களை டாக்டர்கள் பார்ப்பதில்லை. ஜனங்கள் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள், மறுபடி படம் எடுக்க வந்த பஸ் டிரைவரும் தையல்காரம்மாவும்கூட.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் இருமிக்கொண்டு வந்தார். என் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் இருக்கிற இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

"சட்டையக் கழட்டணுமா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"தொப்பையப் பாத்துட்டு வெளிய போய்ச் சொல்லாத."

"சட்டை போட்டிருந்தாலும் தெரியத்தான் செய்யுது மச்சான். மூச்ச இழுத்து அடக்கிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

"எனக்கா சொல்லிக் குடுக்கற? என் தங்கச்சியக் கட்டுனதுலேர்ந்து நீதான அடக்கிட்டு இருக்க."

அந்தச் சிரிப்பில் ஒரு படம் வீணாகி, இரண்டாவது எடுத்தேன். வலது பக்கம், மேலே, சட்டைப் பொத்தான் அளவு. ஓரமெல்லாம் முள்முள்ளாக. அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம், தூரத்தில் நின்று பார்த்தாலே தெரியும். மெஷின் பச்சை விளக்கு காட்டி, சுத்தம் என்றது. மெஷின் என்ன சொன்னாலும் நமக்குச் சந்தேகம் இருந்தால் டாக்டருக்குத் தள்ளிவிட ஒரு பொத்தான் உண்டு. சிடுமூஞ்சிகளுக்கு நான் அதை அழுத்தியிருக்கிறேன்.

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

"எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு மாப்ள. இன்னொரு ப்ராஞ்ச் போடலாம்னு இருக்கேன். உடம்புதான் முக்கியம்னா அதத் தள்ளி வச்சுட்டு வைத்தியத்தப் பாக்கறேன். ப்ராஞ்ச் எங்க ஓடிடப் போகுது."

"ஒண்ணும் இல்ல மச்சான். சுத்தம்."

என்னை அப்படியே தூக்கிவிட்டார். என் எடை உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பின்னால் வந்த மாதங்கள் மாதிரி எங்கள் குடும்பத்தில் சந்தோஷமான காலம் இருந்ததில்லை. புது ப்ராஞ்ச் திறந்தார். என் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் எங்கள் கேட்டையே பெயர்த்துவிட்டாள். "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு தாயே, அத மாப்ளைக்கு மட்டும்தான் போடுவியா?" என்று அவர் கத்தியதை அந்தத் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இருமல் போகவில்லை. வெந்நீர் குடிக்கச் சொன்னேன். ஒரு நாள் பழைய பேன்டைப் போட்டுக்கொண்டு வந்து, இடுப்பில் விரலை விட்டுக் காட்டி, "பாத்தியா, தொப்பை எறங்கிடுச்சு" என்றார். பத்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவ்வளவு பெருமை அவருக்கு.

பிறகு ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே வாயில் ரத்தம் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவரே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மச்சான் அவரிடம் அங்கேயே, "நீ பாஸ்" என்றாராம்.

பூதக்கண்ணாடி அவருடைய பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இது உங்க மச்சான் படந்தானே?"

"ஆமாம்மா."

"இங்க இருக்கே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்பறம் ஏண்ணே சொல்லல?"

"அவரு சந்தோஷமா இருந்தாரும்மா."

அவள் நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போய்விட்டாள். கதவைக்கூடத் தட்டவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் சுபாவம் அது.

அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார் பெரிய டாக்டர். இப்போது பரவிவிட்டதால் வெட்டுவதற்கு இல்லையாம். நாங்கள் குறித்த படங்களையும், மெஷின் பார்த்த படங்களையும் வேறு ஊர் டாக்டர்கள் வந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. தையல்காரம்மா போய்விட்டார் என்று மட்டும் காதில் விழுந்தது. பஸ் டிரைவரும். சிடுமூஞ்சிகள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்களாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வைத்தியம் ஆகிவிட்டது. போன வாரம்கூட அதில் ஒருவர் வந்து, நாற்காலி சரியில்லை என்று சண்டை போட்டார். இதைச் சொன்னது தலைவர் அம்மாதான்.

மச்சானிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் போனால் கட்டிலில் இடம் ஒதுக்கித் தருகிறார். "அந்த மெஷின் டப்பா பண்ண தப்புக்கு நீ என்ன மாப்ள பண்ணுவ, மூஞ்சிய இப்படி வச்சுக்காத" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை. அதனால் சரி மச்சான் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் செய்ததெல்லாம் பிரியத்தினால்தான் என்பதை விசாரணைக் குழுவிடமும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். ஊழியர்களுக்கு அந்த மெஷினில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாமே, நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா என்றார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சொன்னேன். மச்சானுக்குப் படம் எடுத்த அதே வாரம் எனக்கும் நெஞ்சில் லேசாகப் பாரமாக இருந்தது. லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மெஷின் இல்லாமல் கண்ணால் படம் பார்க்கிற ஒரு வயதான டாக்டரிடம் போனேன். சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது, அநேகமாக ஒன்றும் இருக்காது, விட்டுவிடலாம் என்றார். விடக் கூடாது என்று நான்தான் சொல்லி, அன்றைக்கே ஊசி விட்டுப் பார்க்க வைத்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. இதிலெல்லாம் அசட்டையாக இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.