எர்த் அடிக்குது

பேஸ் கிட்டாருக்குப் பெடல் வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு, தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்து வாங்குவது. தனியாகக் கேட்டால், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற எந்த டிஸ்டார்ஷன் பெடலும் நன்றாகத்தான் இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் பாதி பெடல்களின் சத்தம் எங்கே போனது என்றே தெரியாது. என் கடைக்கு வருகிறவர்களிடம் இதை எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வினோதா போட்டுக்கொண்டாள்.

மேடம், நீங்கள் என்னிடம் பெடலைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும். வினோதா இறந்த கேஸில் எலக்ட்ரீஷியன் அம்மாவாசைதான் உள்ளே இருக்கிறார், நான் வெறும் சாட்சி. அன்று என் சட்டைப் பையில் ஒரு மைக் ஸ்பாஞ்ச் இருந்ததை உங்கள் ஏட்டு எழுதிக்கொண்டார். அது எதற்கு என்று நீங்கள் ஒரே ஒரு முறை கேட்டீர்கள். துவைக்க எடுத்தேன் என்றேன். அது பொய். அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாக எழுதினால்தான் என்னால் முடியும். நடுவில் ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகப் பேசிவிடுவேன், அது எனக்குக் கைவந்த கலை.

என் பெயர் பாலகுரு. வீடு சாரத்தில், கடை நெல்லித்தோப்பில். ஆம்ப், ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாம் பழுது பார்ப்பேன், வாடகைக்கும் விடுவேன். விமல்ராஜின் இசைக்குழுவில் பத்தொன்பது வருடம் பேஸ் வாசித்தேன். பேஸ் வாசிக்கிறவனை யாருக்கும் தெரியாது. அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் விமல்ராஜ் சொந்தமாகப் பாட்டு போட ஆரம்பித்தான். கனமான, கரகரப்பான பாட்டுகள். என் வாசிப்பு அதற்கு ஒட்டவில்லை. ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்ததும் தோளில் கை போட்டு, "ணா, நீ மிக்ஸர்ல ஒக்காந்தா எங்களுக்கு யானை பலம். பேஸ வினோதா பாத்துக்கட்டும்" என்றான். அவன் நல்லவன், மரியாதையாகத்தான் சொன்னான். "நல்லதா போச்சுப்பா, எனக்கும் தோள்பட்ட வலி" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை எல்லோரும் நம்பினார்கள்.

வினோதாவுக்கு இருபத்து மூன்று வயது. அவள் அம்மா பச்சையம்மாள் எங்கள் தெருவில் மீன் விற்கிறவர். அப்பா கடலுக்குப் போகிறவர். மேடை ஏறும்போது வினோதா செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவாள். விமல்ராஜ் கிண்டல் செய்தால், "செருப்பு போட்டுக்கினு போட்ல ஏறுவாங்களா? எனக்கு இதுவும் போட்டுதான்" என்பாள். இன்னொரு பழக்கமும் உண்டு. வாசித்துக்கொண்டே பாடுவாள், பல் படுகிற அளவுக்கு மைக்கில் வாயை வைத்துப் பாடுவாள். இரண்டு பழக்கத்தையும் முதல் வாரத்திலேயே கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

அவள் என்னிடம் வந்துதான் பெடல் கேட்டாள். "ணா, நீங்க எது சொல்றீங்களோ அதத்தான் வாங்குவேன். காசு அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது, வீணாப் போயிடக் கூடாது" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் நான் வழக்கமாக உட்காருகிற ஸ்டூல்.

முதலில் ஒரு லீட் கிட்டார் டிஸ்டார்ஷனை எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். லீட் கிட்டாருக்குச் செய்த பெடல் பேஸின் அடிச்சத்தத்தைத் தின்றுவிடும், மேலே வெறும் கரகரப்புதான் மிஞ்சும். அதோடு அவள் மேடையில் நின்றால் விமல்ராஜ் என்னைத் திரும்பக் கூப்பிடுவான் என்று ஒரு கணக்கு. அவள் நாலு நோட்டுதான் வாசித்தாள். "அடில இருக்கிறது போயிடுதேணா. கடலு இருக்கு, ஆழம் இல்ல" என்றாள். நான் வாசிக்க ஆரம்பித்த காலத்தில் எனக்கு அது புரிய மூன்று வருடம் ஆயிற்று, மேடம். "கெட்டிக்காரி, சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் பெருமையாகச் சிரித்தாள். அன்றைக்கு என் கடையில் நான் வெட்கப்பட்ட மாதிரி என் வாழ்க்கையில் எங்கும் வெட்கப்பட்டதில்லை.

அதன் பிறகு ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தேடினேன். டிரம்ஸோடு சேர்த்து வாசிக்க வைத்தே கேட்டேன். கடைசியில் எடுத்தது ஒரு பிரீஆம்ப் பெடல், அதற்குள்ளேயே டிஸ்டார்ஷனும் இருந்தது. சுத்தமான சத்தத்தையும் கரகரப்பையும் வேண்டிய அளவில் கலக்க ஒரு திருகு உண்டு, அதனால் அடிச்சத்தம் போகாது. அதிலிருந்து ஒரு ஒயர் ஆம்புக்குப் போகும், இன்னொன்று நேராக மிக்ஸருக்கு வரும். பக்கவாட்டில் மிளகு அளவில் ஒரு பட்டன். மிக்ஸருக்கு வருகிற ஒயரில் உள்ள எர்த் தொடர்பை அது துண்டிக்கும். சில மேடைகளில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும், அதை நிறுத்த அந்தப் பட்டனை அழுத்துவோம். எந்த சவுண்டுக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அதனால்தான் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

எர்த் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஃபிரிட்ஜைத் தொட்டுச் சுருக்கென்றால் 'எர்த் அடிக்குது' என்போம். எர்த் அடிக்காது மேடம். எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது. வழி தவறிக் கசிகிற கரண்ட்டைப் பத்திரமாக மண்ணுக்குக் கொண்டு போகிற ஒயருக்குத்தான் அந்தப் பெயர். பழி மட்டும் அதன் மேல் விழுந்துவிட்டது. அடிக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே எர்த் ஒயரைப் பிடுங்கிவிடுகிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவாசை அப்படிப்பட்டவர்.

நிகழ்ச்சி பீச் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரன்டின் மொட்டை மாடியில். நாலு மணிக்கு ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது, மேடைப் பலகை ஈரம். ஆம்ப் என்னுடையது. பல வருடம் முன்பு ஒரு சொல்தா வீட்டில் வாங்கியது, அவர்கள் பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது கொண்டு வந்ததாம். சத்தம் அருமையாக இருக்கும், ஆனால் உள்ளே கரண்ட் கசியும். எர்த்தோடு செருகினால் இரைச்சல் வருகிறது என்று ஐந்து வருடம் முன்பு அதன் பிளக்கிலிருந்த மூன்றாவது பின்னை நானே ஒடித்துவிட்டேன். சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அது சோம்பேறித்தனம், அதற்கு வேறு பெயர் இல்லை.

அந்த ஆம்பில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக மூன்று வழி உண்டு. ஒன்று, நான் ஒடித்த பின். இரண்டு, பெடலிலிருந்து என் மிக்ஸருக்கு வருகிற ஒயர். மூன்று, கம்பியில் கை வைத்துக்கொண்டே, மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிற மைக்கில் வாயை வைக்கிற ஆள். முதல் வழி முன்பே இல்லை. இரண்டாவது இருந்த வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது.

சவுண்ட் செக்கில் லேசாக இரைச்சல் வந்தது. நான் மேடை ஏறி அந்தப் பட்டனை அழுத்தினேன். இரைச்சல் நின்றது. விமல்ராஜ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அப்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: அவளுக்கு ஒரு சுருக். கை விலகும், தாளம் தவறும், பழக்கமில்லாத பெண் என்று விமல்ராஜ் யோசிப்பான். ஒரு சுருக், அவ்வளவுதான்.

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். முதல் மூன்று பாட்டில் அவள் பாடவில்லை. பெடல் நன்றாக வேலை செய்தது. அடிச்சத்தம் பலகை வழியாக என் காலுக்கு வந்தது, நான் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. ரசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நாலாவது பாட்டில் அவள் மைக் பக்கம் வந்தாள். வாயை வைத்தாள். பேஸ் நின்றது. எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த விமல்ராஜ் இன்னும் நாலு அடி அடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். அவள் உடனே விழவில்லை, கிட்டாரைப் பிடித்தபடி, மைக்கில் வாய் ஒட்டியபடி நின்றாள். மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தது நான்தான். சமயோசிதமாக அணைத்தேன் என்று சாட்சிகள் சொன்னதாக உங்கள் ஃபைலில் இருக்கும். சமயோசிதம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அம்மாவாசை உங்களிடம் தானாகவே வந்து அழுதார் அல்லவா? "அந்தப் பொண்ணு எர்த் அடிக்குதுன்னு சொல்லிச்சி, நான்தான் போர்டுல எர்த்து ஒயர புடுங்கி உட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று. அவர் மேடை போர்டில் பிடுங்கியது உண்மை, என் மிக்ஸருக்கு வேறு லைன். ஆனால் அந்த ஒயர் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஏனென்றால் என் ஆம்பின் பிளக்கில் அதைத் தொடுகிற பின்னே இல்லை. நீங்கள் ஆம்பைக் கேட்பதற்குள் புது பிளக் மாட்டிவிட்டேன். அறுபது வயது மனிதர், தான் செய்யாத கொலையைத் தான் செய்ததாக நம்பி ஜெயிலில் சாப்பிடாமல் இருக்கிறார். இதை அவர் மனைவி என்னிடம் சொன்னார். நான் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு சும்மா இருந்திருப்பேன். போன வாரம் பச்சையம்மாள் கடைக்கு வந்தார். தலையில் மீன் கூடை இல்லை, கையில் ஒரு துண்டு முடிச்சு. அவிழ்த்தால் அந்தப் பெடல், போலீஸ் திருப்பிக் கொடுத்ததாம்.

"ஒன்னியப் பத்திதான் தம்பி எப்பவும் பேசிக்கினு இருப்பா. அண்ணா பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாரும்மான்னுவா. எங்க ஊட்ல இத வச்சிக்கினு நாங்க இன்னா பண்ணப் போறோம்? நீயே வச்சிக்க. வேற யாரனா கத்துக்கிற பொண்ணு வந்தா குடு" என்றார்.

பெடலைக் கையில் வாங்கினேன். அந்தப் பட்டன் அழுத்தினபடியே இருந்தது. எத்தனையோ பேர் கை மாறியும் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியவில்லை. அவருக்கு உட்கார நான் அந்த ஸ்டூலைத்தான் இழுத்துப் போட்டேன். அவர் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார், மேடம். அந்தக் கும்பிடு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். நியாயம் பார்த்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதுவரை எழுதியதை இப்போது ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஒரு சுருக் என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது எனக்கே நம்பிக்கையாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் படுக்கும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு படுத்தேன். ஆனால் ஸ்பாஞ்ச் பாக்கி இருக்கிறது.

எங்கள் மைக்குகளுக்கெல்லாம் மேலே ஸ்பாஞ்ச் உறை போட்டிருப்பேன். அது இருந்தால் உதடு இரும்பைத் தொடாது. சவுண்ட் செக்கில் அந்த உறையோடுதான் அவள் பாடிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. நான் பட்டனை அழுத்திவிட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில், "ணா, கம்பியத் தொட்டா கால்ல லேசா எர்த் அடிக்குது" என்றாள். கீழே இருந்த அம்மாவாசை அதைக் கேட்டு ஒயரைப் பிடுங்கினார். நான் மறுபடி மேடை ஏறினேன். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் வைத்திருப்பேன். எடுத்து அவள் கிட்டார் கம்பியில் வைத்தேன். பிளக் பாயிண்டில் செருகினால் எப்படி எரியுமோ அப்படி எரிந்தது. அவளுக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.

"இன்னாணா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, மழை ஈரம். சரியாயிடும்" என்றேன்.

டெஸ்டரைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கையை நீட்டி மைக்கிலிருந்து ஸ்பாஞ்சைக் கழற்றினேன்.

"இது இல்லாம பாடு, கொரல் இன்னும் தெளிவா கேக்கும்" என்றேன்.

"தேங்க்ஸ்ணா" என்றாள்.