ஹோஸுக்குத் தடவிய எண்ணெய்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில், முன் சீட்டு மெக்கானிக்கின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“எடேன்பா,” என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

“எங்க முதலாளி. ஒரே பேஜாரு. அவரோட ரெண்டு சீட்டு விமானத்துல இன்ஜினுக்கு பெட்ரோல் போற ரப்பர் ஹோஸெல்லாம் பழசாயிடுச்சு, மாத்தணும்னா, ‘புதுசாட்டம் மின்னுதே’ன்றாரு.”

“மின்னுதா?”

“மின்னாம? ஷூ கம்பெனிக்காரராச்சே, தோலுக்குப் போடுற எண்ணெய வாரா வாரம் தடவியிருக்காரு! ரப்பரு ஊறி கொழகொழன்னு ஆயிடுச்சு. இதுல ஞாயித்துக்கெழம பொண்ண ஏத்திக்கினு பறக்கப் போறாராம்.”

“நீ சொல்லலியா?”

“சொன்னேன். ‘முப்பது வருசமா தோல் பாக்கறவன், எனக்கே சொல்றியா’ன்னாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா? எல்லா ஹோஸையும் கத்தியால அறுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.”