யார் இடுப்புக்கு மேடை?

– படிக்கப் படிக்க ஒவ்வொண்ணும் நியாயமாத்தான்க்கா தெரியுது. கூட்டிப் பார்த்தாதான் அநியாயமா இருக்கு.

– கூட்டினது நீயா, இவரா?

– கம்ப்யூட்டர் மேடம். தப்பே வராது, கவலையே படாதீங்க.

– நீங்கதான் கிச்சன் டிசைனரா?

– ஆமா மேடம். அக்கா வந்து பார்த்தப்புறம்தான் கையெழுத்துன்னு சார் சொல்லிட்டார்.

– பார்த்தப்புறம் இல்லைங்க, பேசினப்புறம். எங்க அக்கா பேரம் பேசினா கடைக்காரரே பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்பி வைப்பார். நான் பேசினா, சொன்ன விலைக்கு மேல கொஞ்சம் ஏத்திக் குடுத்துட்டு வருவேன். ஒரே வயித்துல பொறந்தோம்னு சொன்னா யாரும் நம்பறதில்லை.

– டேய், உன் பெருமையை அப்புறம் பேசு. நாலு இடத்துல விசாரிச்சியா?

– விசாரிச்சேன். எங்க ஆபீஸ் கேஷியர், ‘நல்லா ஏமாந்தே’ன்னார். பக்கத்து சீட்டுக்காரர், ‘இவ்வளவு கம்மியா? அப்ப பலகை மட்டம்’னார். ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு, பேசி ஒரு முடிவுக்கு வாங்கன்னேன். முடிவு வரலை. காபி பில் வந்துச்சு.

– புதுவீடு கட்டினவன் கெட்டான், அதுல சமையலறை போடுறவன் ரெண்டு தடவை கெட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பு.

– கொட்டேஷன் உன் கையிலதானே இருக்கு?

– நீ திருப்புடா. நான் கண்ணாடியைத் தேடுறேன். ஆமா, நேத்து ஊறப்போடச் சொன்னேனே, போட்டியா?

– பாத்ரூம் வாளியில கிடக்கு.

– எதை மேடம் ஊறப்போட்டீங்க?

– நீங்க குடுத்த ரெண்டு சாம்பிள் பலகையை. நீங்க வாயால சொல்றதை அது தண்ணிக்குள்ள சொல்லட்டும்னுதான். எடுத்துட்டு வாடா.

– இந்தா. சொட்டுது, பார்த்து... ஐயோ, கால் மேல போட்டுக்கிட்டியா?

– இல்லை, பக்கத்துல விழுந்துடுச்சு. ஈரக் கை. நீயே தூக்கிக் காட்டு. ம், இது அப்படியே இருக்கு. அது என்னடா, டீயில முக்கின பிஸ்கட் மாதிரி?

– அது மேல் அலமாரிக்கு மேடம். கீழ, சிங்க் பக்கம் பூரா தண்ணி தாங்குற பலகைதான். மேலயும் அதையே போட்டா சாருக்கு வீண் செலவு. மேல தண்ணி எங்க வரப்போகுது?

– ம்.

– என்னக்கா ‘ம்’? பிடிச்சுத் திட்டு.

– எதுக்குத் திட்டணும்? திருடனா இருந்தா, பலகையை ஏன் ஊறப்போட்டீங்கன்னு என் மேல பாய்ஞ்சிருப்பார். இவர் பதில் சொல்றார்.

– கோவப்படாத திருடனும் உண்டேக்கா.

– சார், நான் இங்கதான் நிக்கிறேன்.

– மன்னிச்சுக்கோங்க. பொதுவாச் சொன்னேன்.

– ஏம்பா, கதவுக்கெல்லாம் கைப்பிடி எங்க? படத்துல ஒண்ணையும் காணோம்?

– கைப்பிடி இல்லாததுதான் மேடம் இப்ப ஓடுது. ஓரத்துல விரல் நுனியால இப்படித் தொட்டு இழுத்தாப் போதும்.

– விரல் நுனி வேண்டாம். நாலு விரலும் உள்ள போற மாதிரி தடியாப் போடுங்க. எல்லாக் கதவுக்கும்.

– பேங்க் லாக்கர் மாதிரி இருக்கும்க்கா.

– இருக்கட்டும்.

– தொகை கூடுமே மேடம்.

– கூடட்டும்.

– அக்கா, நான் உன்னைக் கூட்டிட்டு வந்தது குறைக்கத்தானே?

– குறைக்கிறேன், இரு. இது என்ன, கத்திக்குன்னு தனியா ஒரு டிராயர்? உன் பொண்டாட்டி சமைக்கப் போறாளா, சண்டைக்குப் போறாளா?

– அது... அவ ஆசைப்பட்டா.

– அடுப்புக்குப் பக்கத்துல ஒல்லியா ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு வருதே, இது?

– எண்ணெய், பொடி எல்லாம் வைக்க. வதக்கிக்கிட்டு இருக்கும்போது நகராம கைக்கு எட்டணும். ரெண்டடி நடந்துட்டு வந்தா வெங்காயம் ஒரு பக்கம் கருகிடும். அப்படீன்னு அவ சொன்னா.

– ஒரு பக்கம் கருகும்னு சொன்னாளா?

– சொன்னா.

– ரெண்டையும் அடிச்சிடுங்க டிசைனர்.

– அக்கா, அக்கா! அதை மட்டும் விட்டுடு. சிம்னியை வேணா அடி. லாஃப்டை அடி. அதுவும் போதலைன்னா என்னை அடி.

– உனக்கு ஏண்டா இப்படிப் பதைக்குது? அவளுக்குப் போன் போடு, நானே கேக்குறேன்.

– மீட்டிங்ல இருப்பா.

– காலையிலேர்ந்தா?

– அவளுக்கு வேலையே மீட்டிங்தான்க்கா. நடுவுலதான் ஆபீஸ்.

– சரி. சுவத்துல இது என்ன பென்சில் கோடு?

– மேடை உயரம் மேடம். கல்லு அந்தக் கோட்டுலதான் உட்காரும். வீட்டம்மாவை சுவரோரம் நிக்க வச்சு, முழங்கையை மடக்கச் சொல்லி, அதுக்கு ஒரு சாண் கீழ கோடு போடுவோம். எங்க முதலாளி காலத்துலேர்ந்து அப்படித்தான். கதவு, கைப்பிடி எல்லாம் பின்னாடி மாத்திக்கலாம். கல்லை ஒரு தடவை உட்கார வச்சிட்டா உட்கார வச்சதுதான். அதனால சமைக்கிறவங்க நேர்ல வந்து நின்னாத்தான் நான் கோடே போடுவேன்.

– அவ வந்து நின்னாளா?

– நின்னாங்க மேடம். போன் பேசிக்கிட்டே நின்னாங்க. கோடு போட்டு முடிச்சதும், ‘என்னை எதுக்கு வரச் சொன்னீங்க’ன்னு கேட்டாங்க.

– நல்ல பொண்ணு. அந்தத் தடிக் கைப்பிடி சாம்பிள் இருக்கா?

– கீழ வண்டியில ஒரு டிராயர்ல மாட்டியே வச்சிருக்கேன் மேடம். கொண்டு வர்றேன்.

– மெதுவா வாங்க, லிஃப்ட் ஓடலை.

– அதை ஏறும்போதே தெரிஞ்சுக்கிட்டேன் மேடம்.

– ...போயிட்டாரா?

– இறங்கிட்டார். இப்பவாவது சொல்லுக்கா. நியாயமா, அநியாயமா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா இந்த விலை கிடையாதாம்.

– அந்தக் கோட்டுக்கிட்ட போய் நில்லு.

– நான் எதுக்கு?

– நில்லுடா. கோடு உனக்கு எங்க வருது?

– தொடைக்கு.

– சரி. அங்க கல்லு இருக்கு. கல்லு மேல வெங்காயம் இருக்கு. நறுக்கு.

– வெறும் காத்தையா?

– என் திருப்திக்கு நறுக்கேன்.

– இந்தா. நறுக்கிட்டேன், போதுமா? குனிஞ்சு குனிஞ்சு முதுகு பிடிச்சுக்குது.

– நிறுத்தாதே. இப்ப உன் இடது கையைப் பாரு.

– கைக்கு என்ன?

– வெங்காயம் நறுக்கிப் பழகாதவன் விரல் நுனியை அப்படி உள்ள மடக்க மாட்டான். எத்தனை வருஷமாடா நடக்குது?

– எது அக்கா?

– வெங்காயத்தைக் கீழ வச்சிட்டுப் பேசு.

– ...கல்யாணம் ஆனதுலேர்ந்து. அவளுக்கு அடுப்பைப் பத்த வைக்கவே பயம். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். நீ முதல் தடவை வந்து சாப்பிட்டுட்டு, ‘இது தங்கக் கைடா’ன்னு அவ விரல்ல உன் மோதிரத்தைக் கழட்டிப் போட்டே பாரு, அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்லுவேன்? நீ மோதிரத்தைத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது, அதை உருக்கிக் கம்மலாப் பண்ணிட்டோம்.

– எனக்கு அன்னிக்கே தெரியும்.

– தெரியுமா?

– குழம்புக்கு ஒரு கல் உப்பு எடும்மான்னேன். அவ உன்னைப் பார்த்தா. நீ கண்ணாலயே மேல் தட்டைக் காட்டினே.

– அப்ப மோதிரம்?

– அவ்வளவு ஒத்துமையாத் திருட்டுத்தனம் பண்ற புருஷன் பொண்டாட்டிக்கு ஏதாவது குடுக்க வேண்டாமா?

– அடப்பாவி அக்கா! பத்து வருஷமா, நீ வர்ற அன்னிக்கெல்லாம் கோழிக்கு முன்னாடி எழுந்து சமைச்சு, பாத்திரத்தைக் கழுவி, கையை மோந்து, பூண்டு வாசனை போகலைன்னு மறுபடி கழுவி, ஹால்ல பேப்பரும் கையுமா உட்கார்ந்தேனே!

– உட்காருவே. புருவத்துல மாவு இருக்கும்.

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– சொன்னா உங்க அத்தான் காதுக்குப் போகும். அப்புறம் நீ செத்தாலும் உனக்குப் பேரு ‘சமையல்காரர்’தான். தாகம் எடுத்தாகூட என்னைக் கூப்பிடுற மனுஷன். தண்ணிப் பானை அவர் நாற்காலியிலேர்ந்து கை எட்டுற தூரம்.

– அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் சொல்றே?

– ஏன்னா விலை நியாயம்தான்டா. அளவுதான் தப்பு. நீ வெக்கப்பட்டுக்கிட்டு ஆயுசு பூரா தொடை உயரக் கல்லுல குனிஞ்சு நிக்கப் போறியா? அந்தக் கத்தி டிராயரும் இருக்கட்டும், ஒல்லி டிராயரும் இருக்கட்டும்.

– அடிச்சிடுங்கன்னு சொன்னே?

– இப்பவாவது வாயைத் திறக்கிறியான்னு பார்த்தேன். ‘என்னை அடி’ன்னு வருதே தவிர, ‘நான்தான் சமைக்கிறேன்’னு வரலையேடா உனக்கு.

– மேடம்... இதோ... கொண்டு வந்துட்டேன்.

– முதல்ல மூச்சு விடுங்க. டேய், பாத்ரூம் வாளியைக் கொண்டுவந்து கவுத்துப் போடு, உட்காரட்டும். ஏம்பா, வேலை எப்ப முடியும்?

– ரெண்டு மாசம் மேடம்.

– ஒரு மாசத்துல?

– முடிக்கலாம். ஆள் கூடப் போடணும். அப்புறம் தள்ளுபடின்னு ஒரு வார்த்தை பேச முடியாது.

– தள்ளுபடி வேண்டாம்.

– அக்கா! பேசறது நீதானா? உடம்புக்கு ஏதாவதா?

– எழுதிக்கோங்க. அந்தக் கோட்டை அழிச்சிட்டு, மேடையை இவன் முழங்கைக்கு ஒரு சாண் கீழ போடுங்க.

– சார் முழங்கைக்கா மேடம்?

– சமைக்கிறவங்க முழங்கைன்னு நீங்கதானே சொன்னீங்க?

– சொன்னேன். சார், அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டம்மாவை நிக்க வச்சிருக்க மாட்டேனே.

– வாஸ்தவம்தான். பத்து வருஷமா சரியான சமயம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

– அப்புறம், அடுப்புக்கு முன்னாடி ரெண்டு பேர் தோள் இடிக்காம நிக்கிற இடம் விடுங்க. அந்தக் கைப்பிடியை இப்படிக் குடுங்க.

– இந்தாங்க. நாலு விரலும் உள்ள போகுதா? அப்படியே இழுங்க மேடம். இழுங்க... இன்னும் கொஞ்சம்... குழந்தைகூட இழுக்குமே...

– வரலை.

– எண்ணெய் போட்டுத்தான் மாட்டினேன். படியில இடிச்சு ஏதாவது...

– உங்க மேல தப்பு இல்லைப்பா. டேய், நீ இழு.

– சுலபமா வருதே. ஒத்த விரலுக்கு வருதே அக்கா. எங்க, கையைக் காட்டு.

– ஈரம்னு சொன்னேன்ல.

– காஞ்சிருக்கு. அந்தப் பலகை விழுந்ததும், பக்கம் திருப்பச் சொன்னதும்...

– சார், நான் பால்கனியில ஒரு அளவு எடுத்துட்டு வர்றேன்.

– பால்கனியில என்னங்க அளவு?

– விடுடா, அவர் போகட்டும். நாகரிகமான ஆளு.

– கைக்கு என்ன ஆச்சுக்கா?

– விரல்ல பிடி போய்க்கிட்டே இருக்கு. ஒரு டாக்டர் சொன்னதை நம்பலை, இன்னும் நாலு இடத்துல விசாரிச்சேன். ஒருத்தர்கூடக் கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை. எனக்குப் பேரம் படியாத இடம் அது ஒண்ணுதான்.

– திரும்ப வராதா?

– வராது. தடிக் கைப்பிடின்னா, உன் வீட்டுக்கு வந்தா ஒரு டம்ளராவது நானே எடுத்துக்கலாம்னு பார்த்தேன். அதுவும் கணக்குத் தப்பிடுச்சு. அடிச்சிடச் சொல்லு, லாக்கர் மாதிரியேதான் இருக்கு.

– அடிக்க மாட்டேன். இருக்கட்டும். எல்லாக் கதவுக்கும் இருக்கட்டும்.

– அழாதேடா. வெங்காயத்தைத்தான் கீழ வச்சிட்டியே.

– அக்கா, அடுப்புக்கு முன்னாடி ரெண்டு பேர்னு சொன்னியே. என் பொண்டாட்டி உள்ள வரமாட்டா, உன்னால முடியாது. ரெண்டாவது ஆள் யாரு? அத்தானுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா?

– தெரியாது. கல்லு வந்து உட்கார்ந்ததும், சும்மா பொழுதுபோக்குக்கு மாதிரி அவரைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தி, என் கை முழுசா நிக்கிறதுக்குள்ள சோறு வைக்கிறதுலேர்ந்து கத்துக்குடு; எனக்கு முன்னாடி பத்து வருஷம் ஒரு பொய்யைக் கலையாம வச்சிருந்தவன்தானே நீ, என் கை விஷயத்தை ஒரே ஒரு மாசம் அவருக்குத் தெரியாம வச்சுக்கோ.