காய்ந்த தலையில் சீப்பு வைக்காதே

"அப்பா, தலை காஞ்சுபோச்சு. எனக்கு மழை வேணும்."

கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் ஆறு வயது மகளும். பள்ளிக்கூடத்தில் இன்று போட்டோ எடுக்கிறார்களாம். அவர் ஆபீஸ் பையிலிருந்து, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்து அவளுடைய சுருட்டை முடியில் அடித்தார். காற்றில் பாதி என் மூக்குக்கண்ணாடிக்கு வந்தது.

"போன வருஷம் மாதிரி காஞ்ச தலையில சீவிடாதே, கேட்டியா? முடி உப்பிப்போய், போட்டோல பின்னாடி நின்ன மீனுவையே காணலை."

"அப்போ எனக்குத் தெரியாதுடி குட்டி. இப்போ விரலாலதானே கோதறேன்."

"தலையில இலை இருக்கு."

"காலம்பற தேச்ச செம்பருத்தி. சரியா வடிகட்டலை."

அவள் திரும்பி, ஒட்ட வெட்டியிருந்த அவர் தலையைத் தடவினாள்.

"நீயும் சுருட்டைன்னு அம்மா சொன்னா. நிஜமா?"

"ஆமா. சின்ன வயசுலேர்ந்தே எங்க வீட்டுல ஒட்ட வெட்டிடுவா. சீவிவிட ஒருத்தருக்கும் தெரியலை."

குப்பியைப் பிடுங்கி அவர் தலையிலும் இரண்டு தடவை அடித்தாள்.

"இனிமே வெட்டாதே. எனக்குத் தெரியும்."