ஈயம் தின்ற வெண்தலைக் கழுகு

ஆர்லிஸ்: தரையில வைக்காதடா! மேசை மேல வை... மெதுவா. உருளைக்கிழங்கு மூட்டையா அது?

டெல்மர்: ரெண்டு வருஷம் கழிச்சு தம்பி வாசல்ல வந்து நிக்கிறேன். முதல் வார்த்தையே அதட்டலா?

ஆர்லிஸ்: நம்ம ரெண்டு நிலத்துக்கும் நடுவுல இருக்கிற வேலித் தகராறுல முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவன் நீ. இப்பவும் அக்காவைப் பார்க்கவா வந்தே? கழுகுக்கு வைத்தியம் பார்க்கிறவளைத் தேடி வந்திருக்கே. அதைச் சுத்தியிருக்கிற உன் கோட்டைப் பிரி.

டெல்மர்: வேலியோரம் கிடந்துச்சு. பக்கத்துல போனா கொத்தக்கூட இல்லை. குளிரா இருக்கும்...

ஆர்லிஸ்: குளிராம்! விஸ்கான்சின் கழுகுக்கு நவம்பர்ல குளிருதாம்! காலைப் பாரு, நகம் மடங்கி இறுகிக் கிடக்கு. தலை நிக்கலை. எச்சம் பச்சைப் பசேல்னு இருக்கு.

டெல்மர்: எவனாவது சுட்டிருப்பானோ?

ஆர்லிஸ்: காயமே இல்லையே. றெக்கையைப் பிடி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறேன்... ம். இந்தா பாரு, அளக்கிற மெஷினே கையை விரிச்சிடுச்சு. அவ்வளவு ஈயம்.

டெல்மர்: கழுகு எதுக்கு ஈயத்தைத் திங்குது?

ஆர்லிஸ்: நீங்க பரிமாறுறீங்க, அது திங்குது. மானைச் சுட்டு, அங்கேயே வயித்தைக் கிழிச்சு, குடலை அப்படியே போட்டுட்டு வந்துடுறீங்க. அதுக்குள்ள குண்டு தூள் தூளா சிதறிக் கிடக்கு.

டெல்மர்: அப்பாவும் ஈயக்குண்டுலதான்...

ஆர்லிஸ்: அப்பா வயலுக்குப் பூச்சிமருந்தும்தான் அடிச்சாரு. அதுல ஓடு மெலிஞ்சு, ஆத்தங்கரையில ஒரு கழுகு முட்டைகூடப் பொரியலை, அடைகாக்கும்போதே நொறுங்கிச்சு. அந்த மருந்தை நிறுத்தி, கூட்டுக்குக் கூடு காவல் இருந்து மீட்டுக் கொண்டுவந்தாங்க. நீங்க வந்து ஈயத்தை ஊட்டிவிட்டுட்டீங்க.

டெல்மர்: அதுக்காக ஈயத்துக்குப் பதிலா செப்புக் குண்டு வாங்கவா? அதெல்லாம் பட்டணத்துக்காரனுக்கு.

ஆர்லிஸ்: ஆமா, நீ மகா வீரன்! நாட்டுச் சின்னம்னு தொப்பியில கழுகு, வண்டிக்குப் பின்னால கழுகு... படத்துல இருக்கிறதுக்கு சல்யூட், மரத்துல இருக்கிறதுக்கு விஷம்.

டெல்மர்: என் வேலியோரம் கிடந்தா என் மான்னு ஆயிடுமா?

ஆர்லிஸ்: உன் மான்னு நான் சொல்லவே இல்லையே. மரமாட்டம் நிக்காதே. ஊசி போடணும், காலைப் பிடி. கையுறையைப் போட்டுக்கிட்டுப் பிடிடா, மடையா.

டெல்மர்: பிழைச்சிடுமாக்கா?

ஆர்லிஸ்: பேசாம பிடி.

டெல்மர்: அக்கா... நெஞ்சு அசையலை.

ஆர்லிஸ்: தள்ளு... தள்ளுடா...

டெல்மர்: அக்கா?

ஆர்லிஸ்: போயிடுச்சு.

டெல்மர்: ...சனிக்கிழமை, அக்கா. பெரிய கொம்பு மான். ஓக் மரத்தடியில வச்சுத்தான் கிழிச்சேன். குடலைப் புதைக்க மண்வெட்டி வண்டியிலேயே இருந்துச்சு. தரை உறைஞ்சு கிடக்கு, யாரு தோண்டுறதுன்னு விட்டுட்டு வந்துட்டேன். திட்டுக்கா. இவ்வளவு நேரம் திட்டினியே, இப்ப ஏன் வாயை மூடிக்கிட்டே?

ஆர்லிஸ்: ஞாயித்துக்கிழமை அது அந்தக் குடலைக் கொத்திக்கிட்டு இருந்ததை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன்டா. உன் நிலத்துல நான் எதுக்குக் கால் வைக்கணும்னு அதை விரட்டாமத் திரும்பி வந்துட்டேன்.